தோலாமை விசாரம்

கோலாலம்பூர்,
11 தை 1937

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருடைய காவலில் நானும் சீலாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்கிறோம். உங்கள் மார்கழி இருமல் விட்டதா? கொத்தமல்லிக் குடிநீரோடு நிறுத்திவிடாமல் டொக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

இனிச் செய்தி. எழுதக் கை பரபரக்கிறது. எங்கள் சிவக்கொழுந்து குத்துச்சண்டையை விட்டுவிட்டான். தோற்று விடவில்லை அக்கா, ஒருநாளும் தோற்காமல் விட்டிருக்கிறான்!

உங்களுக்கு அவனைத் தெரியாது. சண்டிலிப்பாய்ப் புகையிலைத் தோட்டக்காரர் கதிரவேலரின் மகன். இங்கே றெயில்வே பட்டறையில் என் பகுதியில் ஸ்டோர் பார்த்தவன். பட்டறைக்குப் பின்னால் பஞ்சாபிப் பையன்களோடு விளையாட்டாகக் கையுறை மாட்டத் தொடங்கினான். பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வரை அவன் நிறைப் பிரிவில் மேடையேறிய ஒருவனும் அவனை வெல்லவில்லை. கார்த்திகையில் நடந்த கடைசிப் போட்டியை முன்வரிசையில் இருந்து பார்த்தேன். எதிரி நிறையிலும் கூடிய, ஆறடி உயரமான அவுஸ்திரேலியக் கப்பற்காரன். எங்கள் ஆள் மண் வெட்டுகிறவன் மண்வெட்டியை வீசுவதுபோல ஓர் அவசரமும் இல்லாமல் இடது கையை வீசுகிறான். ஐந்தாம் சுற்றில் அந்த மலை சரிந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த சீனக்கிழவர் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டுக் கூத்தாடினார். சீலா சொல்கிறாள், நான் வீட்டுக்கு வந்தும் அந்தத் தொப்பியோடுதான் சாப்பிட்டேனாம்.

இந்த ஊரார் யாழ்ப்பாணத்தவர்களைப் பேனா பிடிக்கிறவர்களாக மட்டுமே கண்டிருக்கிறார்கள். அதை மாற்றியவன் இவன்.

அடுத்த கப்பலில் வருகிறான். கொழும்பிலிருந்து இரவு வண்டி, சுன்னாகத்தில் இறங்குவான். தயவுசெய்து போய்ப் பார்த்து எழுதுங்கள். நீங்கள் எழுதினால்தான் நான் நம்புவேன். மற்றவர்கள் எல்லாரும் கூட்டிச் சொல்வார்கள்.

உங்கள் தம்பி,
எட்வேர்ட்


இணுவில்,
9 மாசி 1937

அன்புள்ள எட்வேர்ட்,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் தானாகவே போய்விட்டது. சீலாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். மூத்தவன் கணக்கில் பிந்தியிருக்கிறான் என்று எழுதியிருந்தாய். அவனை யாரோடும் ஒப்பிட்டுப் பேசாதே, வாய்பாட்டை மட்டும் தினமும் கேள்.

சுன்னாகத்துக்குப் போனேன். போகும் எண்ணம் இருக்கவில்லை. பள்ளியில் கீழ்வகுப்புப் படிப்பிக்கும் இராசமலர் விடிய வந்து, "ரீச்சர், முழு ஊரும் போகுது, நாங்கள் மட்டும் என்ன குறைஞ்சுபோனமோ?" என்று இழுத்துக்கொண்டு போனாள். உனக்கு அவளை நினைவிருக்காது. எங்கள் பின்வளவுக்கு அப்பால் தோட்டம் செய்யும் முருகேசுவின் மகள், என்னிடம் படித்தவள்.

இணுவில் நாதசுரமும் தவிலும் வந்திருந்தன. அந்தத் தவிலுக்கு ரயிலின் ஊதல் ஈடுகொடுக்கவில்லை. சண்டிலிப்பாய் நமசிவாயப் புலவர் வரவேற்புப்பா பாடத் தொடங்கினார். இரண்டாம் விருத்தத்தில் உன் வீரன் அர்ச்சுனன் ஆனான், நான்காவதில் முருகப்பெருமான். ஐந்தாவதில் என்ன ஆகியிருப்பானோ தெரியாது, அதற்குள் ரயில் புறப்பட்டு, இறக்க மறந்த அவன் துணிப்பெட்டியும் வண்டியோடு போகத் தொடங்கிவிட்டது. எல்லோரும் "பெட்டி! பெட்டி!" என்று ஓடினார்கள். அவன்தான் முதலில் ஓடி, தொங்கி ஏறி, பெட்டியை எறிந்துவிட்டுக் குதித்தான். அதை மட்டும் மெச்சினேன்.

ஆள் சிறிய உருவம். மூக்கு ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. மாலை போட்டவர்களுக்கெல்லாம் குனிந்து குனிந்து நன்றி சொன்னான்.

இனி என் கேள்வி. தோற்காதவன் என்கிறாய். யாரோடு தோற்காதவன்? வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் சரியாக விடை சொன்னேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், உன்னிடம் கேட்காத கேள்வி எது என்றுதான் நான் கேட்பேன். அவன் சந்திக்காத ஆள் ஒருவனும் அந்த மலாயாவில் இல்லையா?

உன் அக்கா,
பியாட்றிஸ்


கோலாலம்பூர்,
27 மாசி 1937

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வாய்பாடு கேட்கிறேன், பதினாலில் நிற்கிறது.

உங்கள் கடிதத்தை இங்குள்ள யாழ்ப்பாணத்தவர் சங்கத்தில் வாசித்தேன். பெட்டிக் கதைக்கு மேசையில் அடித்துச் சிரித்தார்கள். கடைசிப் பகுதியை வாசிக்கவில்லை. வீட்டில் வைத்து அதோடு தனியாகச் சண்டை பிடித்தேன்.

நீங்கள் தர்க்கம் படித்தவர். நான் கண்ணால் கண்டவன். ஒருவன் தன் தொழிலில் ஒருமுறைகூட விழாமல் இறங்கி வருவது எவ்வளவு அரிது தெரியுமா? பெரிய வீரர்கள் எல்லாம் ஒரு சண்டை கூடுதலாகப் பிடித்துத்தான் கெட்டார்கள். எப்போது நிறுத்துவது என்று தெரிந்தவன் இவன். அதுவும் ஒரு வெற்றி என்று நான் சொல்கிறேன். இல்லை என்று உங்களால் நிறுவ முடியுமா?

சந்திக்காத ஆள் ஒருவன் இருக்கிறான், மணிலாவிலிருந்து வந்தவன். போன வருட நடுப்பகுதியில்தான் இங்கே வந்தான். இருவரையும் மோதவிடப் பேச்சு நடந்தது. ஆட்கள் ஆவலாய் இருந்தார்கள். நடக்கவில்லை.

மழை இல்லை, வெயில் கொளுத்துகிறது. சீலா உங்களுக்கு ஒரு பட்டுத்துணி அனுப்புகிறாள்.

உங்கள் தம்பி,
எட்வேர்ட்


இணுவில்,
4 சித்திரை 1937

அன்புள்ள எட்வேர்ட்,

துணி வந்தது. எனக்கு நிறம் கொஞ்சம் கூடுதல், ஆனாலும் ஈஸ்டருக்கு உடுத்தேன். பிள்ளைகளுக்கு இரண்டு போத்தல் மாங்காய் ஊறுகாய், ஊரிலிருந்து திரும்பும் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன்.

"நடக்கவில்லை" என்று எழுதினாய். ஏன் நடக்கவில்லை என்று எழுதவில்லை. நீ அறியாததால் விட்டாயா, அறிந்ததால் விட்டாயா என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை.

இந்தக் கேள்வி இப்போது எனக்கு மட்டும் உரியதல்ல. விடுமுறைக்கு வந்த மலாயாக்காரர் ஒருவர் மருதனார்மடம் சந்தையில் மணிலாக்காரன் கதையை அவிழ்த்துவிட்டார். கத்தரிக்காய் விற்கிறவர்கள் இரண்டு கட்சி. சண்டிலிப்பாய்க் கூடையில் இணுவிலார் வாங்குவதில்லை. எங்கள் ஊரில் ஒரு விஷயம் சந்தைக்கு வந்தால் அடுத்தது அச்சுக்கூடம் என்று உனக்குத் தெரியும். சாமியைப் பற்றியும் சாதத்தைப் பற்றியும் கண்டனப் பிரசுரம் அடித்த கைகளுக்கு இப்போது குத்துச்சண்டை கிடைத்திருக்கிறது.

முதலில் நமசிவாயப் புலவர் "முட்டிச்சமர்ச் சிங்கம்" என்று எட்டுப் பக்கம் வெளியிட்டார். இணுவிலில் திண்ணைப்பள்ளி நடத்தும் பரமலிங்கச் சட்டம்பியார் விடுவாரா? "சிங்கமோ சிறுமுயலோ" என்று மறுத்தார். புலவர் "சிறுமுயல் என்றார் செவிக்கு ஒரு சூடு" என்றார். இருவரும் வாழ்க்கையில் ஒரு குத்துச்சண்டையும் கண்டவர்களல்லர். சட்டம்பியார் காலால் உதைப்பதும் சேர்த்தி என்று நினைத்திருக்கிறார். சரியான வேடிக்கை. பள்ளியில் ஆசிரியைகள் பிரசுரங்களை மேசைக்கடியில் வைத்து வாசிக்கிறார்கள். நான் பறித்து எடுக்கிறேன். பிறகு நானும் வாசிக்கிறேன்.

போன கிழமை நாலாவதாக ஒன்று வந்திருக்கிறது. "தோலாமை விசாரம்" என்று பெயர். தோல்வி அடையாத நிலை என்பதைத்தான் பழைய சொல்லில் தலைப்பாக்கியிருக்கிறார்கள். எழுதியவர் "ஒரு மத்தியஸ்தர்". தோற்றதில்லை என்பதால் ஒருவன் வெல்லப்பட முடியாதவன் ஆகிவிடமாட்டான் என்றும், தன்னை வெல்லக்கூடியவன் வந்த வேளையில் விலகியது ஏன் என்று சொல்லும் வரை புகழை நிறுத்திவைப்பதே முறை என்றும் எழுதியிருக்கிறது. நாலே பக்கம். எல்லோரும் அதைப்பற்றித்தான் பேசுகிறார்கள். மோசமாக எழுதப்பட்டிருக்கவில்லை.

முருகேசுவிடம் இராசமலரைச் சிவக்கொழுந்துக்குக் கேட்டுப் பேச்சு நடக்கிறது. கதிரவேலர் பகுதி தூரத்துச் சொந்தமாம். சாதகம் பொருந்திவிட்டது. அவள் என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் கரும்பலகையில் எழுதும்போது பாடுகிறாள்.

உன் அக்கா,
பியாட்றிஸ்


கோலாலம்பூர்,
25 சித்திரை 1937

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். ஊறுகாய் ஒரு போத்தல் வழியில் உடைந்து, கொண்டுவந்தவரின் வேட்டிகளெல்லாம் மஞ்சள். மற்றது இரண்டு நாளில் முடிந்தது.

நாலு பிரசுரமும் இங்கே வந்துவிட்டன. சங்கத்தில் ஒருவர் ஏறி நின்று வாசித்தார். "சிறுமுயல்" வந்தபோது கதிரை எறிந்தார்கள். பிறகு "விசாரம்" வாசித்தார். ஒருவரும் ஒன்றும் எறியவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாய்ச் சுட்டது.

இரண்டாம் பக்கத்தில், "ஒன்று நடக்கவில்லை என்பது வேறு, நடக்க முடியாதது என்பது வேறு" என்று ஒரு வசனம் வருகிறது. சின்ன வயதில், நான் பனையிலிருந்து ஒருநாளும் விழுந்ததில்லை என்று பீற்றிக்கொண்டபோது இதே வசனத்தை எனக்கு ஒருவர் சொன்னார். அடுத்த நாள் விழுந்தேன். அந்த மத்தியஸ்தருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மீசை இல்லாத மத்தியஸ்தர் என்று சங்கத்தில் நான் சொல்லவில்லை.

அக்கா, எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. நீங்கள் இதைக் கணக்குப்போல் செய்துவிட்டீர்கள். அங்கே ஒரு மனிதன் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறான். பெண்ணின் தகப்பனும் வாசிக்கத் தெரிந்தவர்தானே?

உங்கள் தம்பி,
எட்வேர்ட்


இணுவில்,
13 ஆனி 1937

அன்புள்ள எட்வேர்ட்,

மறுமொழி பிந்திவிட்டது. சுகவீனம் ஒன்றும் இல்லை. என்ன எழுதுவதென்று தெரியாமல் இருந்தேன், இப்போது எழுத நிறைய இருக்கிறது.

முருகேசு வாசித்தார். ஒருமுறை அல்ல. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தோட்டத்துக்கும் கொண்டுபோனார். பிறகு கதிரவேலருக்குச் சொல்லியனுப்பினார்: "ஓடி வந்தவனுக்கு என்ரை பிள்ளையைக் குடுத்தனெண்டு நாளைக்கு ஊர் சிரிக்கக் கூடாது. உந்தக் கேள்விக்கு மறுமொழி வரட்டும். பிறகு பாப்பம்." இராசமலர் பாடுவதை நிறுத்திவிட்டாள். என்னைக் கண்டால் "குட்மோர்ணிங் ரீச்சர்" மட்டும்தான்.

நான் இரண்டு கிழமை நித்திரை இல்லாமல் இருந்தேன் என்று எழுதினால் நம்பமாட்டாய். ஆகவே எழுதவில்லை.

போன சனிக்கிழமை பின்னேரம் உன் வீரன் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கதிரையில் நுனியில் இருந்தான். கொண்டுவந்த மரவள்ளிக் கிழங்கை மடியில் வைத்திருந்தான், தருவதா விடுவதா என்று தெரியாதவன்போல. நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"ரீச்சர், எனக்கு ஒரு மறுப்பு எழுதித் தரவேணும்."

"நமசிவாயப் புலவர் எழுதுவாரே," என்றேன்.

"ஐயோ, அவர் என்னை இன்னுமொருக்கா முருகனாக்கிப்போடுவார். விஷயம் விளங்கினவை எழுதவேணும். கண்டனத்தை எழுதினவைதான் மறுப்பையும் எழுத ஏலும்."

நான் மேசையில் திறந்திருந்த மைக்கூட்டை மூடினேன்.

"ராசமலர் அண்டைக்கே கண்டுபிடிச்சிட்டா. 'உது ரீச்சரின்ரை எழுத்து, புள்ளி வைக்கிற இடத்திலை தெரியும்' எண்டு சொல்லியனுப்பினவ. கோவமாய்த்தான் சொன்னவ. நான் கோவிக்கேல்லை."

"ஏன் கோவிக்கவில்லை?"

"நீங்கள் எழுதினது சரிதானே."

எட்வேர்ட், நான் எத்தனையோ விவாதங்களில் இருந்திருக்கிறேன். எதிராளி இப்படிச் சொன்னதை இதற்கு முன் கேட்டதில்லை. அவன் தொடர்ந்தான்.

"அந்த மணிலாக்காரன் குத்துப் பழகிறதை ஒளிச்சிருந்து பாத்தனான். ஒருநாளில்லை, பல நாள். அவன் என்னிலும் கெட்டிக்காரன் ரீச்சர். நான் அடிக்க நினைக்கிற நேரம் அவன் அடிச்சு முடிச்சிடுவான். ஏறியிருந்தால் தோத்திருப்பன். அதுதான் விட்டனான். எட்வேர்ட் அண்ணை ஆக்கள் 'தோக்காமல் விட்டவன், தோக்காமல் விட்டவன்' எண்டு தோளிலை தூக்கிக்கொண்டு கப்பலுக்குக் கொண்டந்தவை. அந்தக் கூச்சலுக்குள்ளை எனக்குச் சொல்ல இடம் கிடைக்கேல்லை."

"அப்படியானால் பயந்துதான் விலகினாயா?"

"ஓம்."

"இதை வைத்துக்கொண்டு நான் என்ன மறுப்பு எழுதுவது?"

"அப்பிடியே எழுதுங்கோ. மறுப்பெண்டு மேலை போடுங்கோ, கீழை உள்ளதை எழுதுங்கோ."

"முருகேசு பெண் தரமாட்டார்."

"பொய்யைச் சொல்லி வாங்கினால் பிறகு அவவுக்குமெல்லோ பொய் சொல்லிக்கொண்டிருக்க வேணும்?" என்று கேட்டான். பிறகுதான் கிழங்கைத் தந்தான்.

எழுதினேன். ஒரு பக்கம்கூட இல்லை. "மணிலாவிலிருந்து வந்தவர் என்னிலும் சிறந்தவர். அவரிடம் தோற்பேன் என்று அறிந்து விலகினேன். இதற்குமுன் வென்றவை உண்மையான வெற்றிகள். இப்படிக்குச் சிவக்கொழுந்து." அச்சுக்கூடத்துக்காரர் மூன்று தரம் கேட்டார், "உதுக்குக் கீழை இன்னும் வருமோ?" என்று. ஒரு பிரதி இத்துடன்.

எட்வேர்ட், உனக்கு இது கசக்கும். ஆனால் நான், உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து வாசிக்கிறேன்.

உன் அக்கா,
பியாட்றிஸ்


இணுவில்,
8 ஆவணி 1937

அன்புள்ள எட்வேர்ட்,

உன் மறுமொழி வரவில்லை. கப்பல் பிந்தவில்லை என்று தபாற்கந்தோரில் விசாரித்தேன். சீலாவாவது இரண்டு வரி எழுதலாம். பிள்ளைகள் சுகம்தானே?

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மறுப்பு வெளிவந்த அன்று மருதனார்மடம் சந்தை கோயில் மூலஸ்தானம்போல அமைதியாக இருந்ததாம். பரமலிங்கச் சட்டம்பியார் பேனாவை எடுத்தார், மை தோய்த்தார், பிறகு வைத்துவிட்டாராம். எதை மறுப்பது? நீ சொல்வது பிழை, நீ பயப்படவில்லை என்று மறுத்தால் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிடுவார். புலவருக்கும் அதே இடர். நூறு வருடமாகக் கண்டனம் எழுதும் ஊரில், ஓம் என்று சொன்னவனுக்கு என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே நாளில் என்னிடம் வந்து, "உது நியாயமான முறையோ ரீச்சர்?" என்று முறையிட்டார்கள். அவர்களுக்கு ஒன்றாகத் தேத்தண்ணி கொடுத்தேன்.

முருகேசுதான் அசையவில்லை. "உண்மை சொன்னான், சரி. அதுக்காகப் பயந்தவனுக்குப் பொம்பிளையோ? பண்டத்தரிப்பிலை இன்னொரு இடம் பேசி வந்திருக்கு," என்கிறார்.  இராசமலர் என்னோடு மறுபடி பேசுகிறாள். "அப்பாவை உங்கடை விசாரம் ஒண்டாலை மாத்துங்கோவன்," என்று குத்தினாள். பிறகு அழுதாள். நான் எழுதியதால் வந்தது. இதை நான் சரிசெய்ய வேண்டும்.

நீ கோபமாயிருந்தால் கோபத்தையாவது எழுது.

அக்கா


கோலாலம்பூர்,
12 புரட்டாதி 1937

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். மன்னியுங்கள். உங்கள் ஆனிக் கடிதத்தை வாசித்துவிட்டு அதை மேசையில் கவிழ்த்து வைத்தேன். சங்கத்துக்குப் போகவில்லை. போனவர்கள் வந்து சொன்னார்கள், அவனுடைய படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டார்களாம். நானும் கழற்றியிருப்பேன். போட்டி ஏன் நடக்கவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். அவன் "மாட்டன் அண்ணை" என்றபோது நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான் என்று தெரியும்.

ஆனால் அக்கா, போன சனிக்கிழமை! மணிலாக்காரன் இங்கே கேளிக்கைப் பார்க்கில் மேடையேறினான். அவன் தோற்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு போனேன். சீட்டுக் கிடைக்கவில்லை, கம்பத்தில் ஏறி நின்று பார்த்தேன். நாற்பது வயதுக் கிளாக்கர், காற்சட்டை கிழிந்தது. என்ன கை அக்கா! மழைத்துளி எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிந்தவன்போல நிற்கிறான். அடிக்க வந்தவன் அடிக்கும் இடத்தில் அவன் இல்லை, அவன் இருக்கும் இடம் வந்தவனுக்குத் தெரியவில்லை. இரண்டாம் சுற்றில் நான் கத்திக்கொண்டிருந்தேன், யாருக்காகவென்று எனக்கே தெரியாது. சிவக்கொழுந்து சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி. அதைத் தன் கண்ணால் முன்பே கண்டுகொண்டவன் எவ்வளவு பெரிய சண்டைக்காரன்!

முடிந்ததும் பின்கட்டுக்குப் போனேன். காவற்காரன் தெரிந்தவன். மணிலாக்காரன் வாளித் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டிருந்தான். சின்னப் பையன், பல் தெரியச் சிரிக்கிறான். ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசினோம். யாழ்ப்பாணத்து ஆளை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். உடனே சிரிப்பு நின்றது. "அவன் வரமாட்டான் என்று சொன்ன அன்று நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்," என்றான். "நான் பழகும்போது பின்வேலியில் ஒருவன் ஒளிந்திருந்து பார்ப்பான், அது அவன்தான் என்று தெரியும். மற்றவர்கள் என்னைப் பார்த்துப் பயப்படவில்லை, ஓடிவந்து விழுந்தார்கள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனோடு ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது."

கேட்டீர்களா! இருவருக்கும் பயம்! இதை முருகேசருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் இனி என்ன சொல்ல முடியும்? நாளைக்கே நான் போய்ப் படத்தைச் சுவரில் மாட்டுகிறேன், தடுக்கிறவன் தடுக்கட்டும்.

பதினாறாம் வாய்பாடு முடிந்தது.

உங்கள் தம்பி,
எட்வேர்ட்


இணுவில்,
3 ஐப்பசி 1937

அன்புள்ள எட்வேர்ட்,

உன் கடிதத்தைப் படலையில் வைத்தே உடைத்து, நின்றபடி வாசித்தேன். தபாற்காரர் யாருக்கும் ஆபத்தோ என்று கேட்டார். எனக்குச் சுகம். இவ்வளவு சுகமாக நான் இருந்தது எப்போது என்று நினைவில்லை.

வெள்ளிக்கிழமை சண்டிலிப்பாய்க்கு வண்டில் பிடித்துப் போனேன். முதலில் அவனுக்குச் சொல்வதுதான் முறை. புகையிலை நாற்றுக்கு மேடை கட்டிக்கொண்டிருந்தான். மண் கையோடு நின்று கேட்டான். மெழுகுதிரி என்றதும் சிரித்தான், அவன் சிரித்து நான் கண்டது அதுதான் முதல். பிறகு, "முருகேசு அம்மானுக்கு உதைச் சொல்லாதேங்கோ ரீச்சர்," என்றான்.

"ஏன்? இதுதானே உன் வழக்குக்குச் சாட்சி?"

"அவனும் பயந்தவனெண்டால் நான் பயப்பிடேல்லை எண்டு ஆகுமோ? ஆகாது. அதோடை உது புதினமுமில்லை. பயமில்லாதவங்களைத்தான் நான் இவ்வளவு காலமும் விழுத்தினது. பயமில்லாதவன் கையைக் கீழை விட்டிடுவான். பயந்தவனை விழுத்திறது லேசில்லை."

திரும்பி வரும் வழி முழுவதும் அதை நினைத்துக்கொண்டே வந்தேன். என் விசாரத்தில் நாலு பக்கமும் தேடினாலும் இது இல்லை. தோற்காதவனுக்குப் பயம் இராது என்று ஊர் நினைத்தது. பயந்தவன் என்றால் புகழைக் குறைக்க வேண்டும் என்று நானும் நினைத்தேன்.

நேற்றுக் காலை முருகேசுவின் தோட்டத்துக்குப் போனேன். மிளகாய்க்குத் தண்ணீர் இறைப்பு நடந்தது. கிணற்று ஏற்றத்தின் துலாமரத்தில் இரண்டு பேர் ஏறி முன்னும் பின்னும் நடக்க, முருகேசு கிணற்று வாயில் நின்று, நிரம்பி வரும் பட்டையை வாங்கித் தண்ணீரைச் சாய்த்துக்கொண்டிருந்தார். இராசமலர் தூரத்தில் மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தாள். பள்ளியில் சேலை மடிப்புக் கலையாதவள், இங்கே முழங்கால் வரை சேறு.

மெழுகுதிரியை நான் சொல்லவில்லை. அவன் தடுத்துவிட்டானே. அவன் சொன்னதை மட்டும் சொன்னேன். பட்டையின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. பட்டையை நிறுத்தி, "என்ன சொன்னவன்? இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றார். உரத்துச் சொன்னேன்.

"பயமில்லாதவன் கையைக் கீழை விட்டிடுவான் எண்டோ?"

"ஓம். பயமில்லாதவர்களைத்தான் தான் விழுத்தினதாம்."

அவர் மேலே பார்த்தார். "பயமில்லாதவனை நான் உந்தத் துலாவிலை ஏத்திறேல்லை ரீச்சர். ஒருக்கா ஏத்தினனான். என்ரை தம்பியைத்தான். சீட்டியடிச்சுக்கொண்டு நடந்தவன், கிணத்துக்கை கிடந்து எடுத்தது. இண்டைக்கும் கால் இழுவை. அதுக்குப் பிறகு ஆள் பிடிக்கிறதெண்டால் முதல் கேட்கிறது, ஏறப் பயமோ எண்டுதான். பயமெண்டால்தான் ஏத்துவன். உந்தா நிக்கிறாங்களே, ரெண்டும் சரியான பயந்தாங்கொள்ளியள்."

மேலே இருந்து ஒருவன் கத்தினான்: "அம்மான், பாத்துக் கதையுங்கோ! பட்டை உங்கடை கையிலை, உயிர் எங்கடை காலிலை!"

"ஓமடா, அதாலைதான் பத்து வருசமாய் நிக்கிறாய், பேசாமல் நட!"

நடக்கச் சொல்லிவிட்டு அவரே பட்டையைத் தொடவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எட்வேர்ட், நீ கம்பத்தில் ஏறி நின்றபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. கத்தவில்லை, அவ்வளவுதான்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தோட்டத்தின் கடைசியைப் பார்த்தார். இராசமலர் மண்வெட்டியை ஊன்றியபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் காலடிப் பாத்தி நிரம்பி, வரம்பை உடைத்து, தண்ணீர் ஒழுங்கை வரை பாய்ந்துகொண்டிருந்தது.

"எடியே, தண்ணி பாயுது, கண் தெரியேல்லையோ?" என்று கத்தினார். அவள் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பாய விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சரி, கதிரவேலரைப் புதன்கிழமை வரச்சொல்லுங்கோ. இல்லாட்டி இவள் என்ரை மிளகாயை அழுக வைச்சிடுவாள்," என்றார்.

கலியாணம் தையில். இராசமலர் உனக்கும் சீலாவுக்கும் தனியாக எழுதுவாள்.

மணிலாக்காரன் அடுத்ததாக எப்போது ஏறுகிறான்? அறிந்ததும் எழுது. போட்டி முடிந்த இரவே முடிவைத் தந்தியில் அனுப்பு, கடிதத்துக்காகக் காத்திருக்க எனக்கும் பொறுமை இல்லை, சண்டிலிப்பாயிலும் ஒருவனுக்குப் பொறுமை இல்லை. மணிலாக்காரன் வெல்ல வேண்டும் என்று இருவரும் விரும்புகிறோம். வெல்வான் என்று நான் சொல்லமாட்டேன்.

உன் அக்கா,
பியாட்றிஸ்